கல்லாவில் நின்று பார்க்கட்டும்

கைபேசிச் செயலியையும் பில் போடும் மென்பொருளையும் வடிவமைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அதைப் பயன்படுத்துவோர் வேலை செய்யும் இடத்தில் நின்று பார்ப்பது. அத்தொழிலின் பாலபாடமே இதுதான்.

2016-ல் யு.பி.ஐ. வந்தது. பணம் வந்த செய்தி கைபேசித் திரையில் தெரிந்தது. ஆனால் மாலை வியாபாரத்தில் நமக்கு ஒரு கை தராசில், மறு கை பொட்டலத்தில். திரையை யார் பார்ப்பது? பணம் அனுப்பாமலே அனுப்பியதாகப் படம் காட்டிச் சென்றவர்களும் உண்டு. பின்னர் வந்த ஒலிபெருக்கிப் பெட்டி, வரவான தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொன்னது. கவலை குறைந்தது. கடைக்காரரின் கண்ணுக்கு ஓய்வில்லை என்பதை அறிந்து காதுக்குச் சொன்னதே அதன் சிறப்பு.

பில் போடும் மென்பொருள்கள் பலவற்றில் இந்தக் கவனம் இல்லை. நூறு கிராம் கடுகுக்கு நான்கு திரை தாண்ட வேண்டும். கடன் பாக்கி குறிக்க வழியில்லை.

எனவே வணிக அன்பர்களே, விற்க வருவோரை ஒரு மாலை நம் கல்லாவில் நின்று பார்க்கச் சொல்வோம். நம் ஊழியரைச் சொல்லித் தராமலே பத்து பில் போடச் சொல்வோம். அவர் தடுமாறினால் குறை அவரிடம் இல்லை, வடிவமைப்பில்தான். திருத்தித் தந்த பிறகே பணம் கொடுப்போம்.