தகப்பனுக்கு மூன்று நாட்கள்

இலங்கையில் அரசாங்க ஊழியர் ஒருவருக்குக் குழந்தை பிறந்தால் அவருக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் தந்தைமை விடுமுறை 3 நாட்கள். 2006 ஆம் ஆண்டு பொது நிருவாகச் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் வந்த ஏற்பாடு இது. தனியார் துறையில் வேலை செய்பவருக்குச் சட்டம் அந்த 3 நாட்களையும் தரவில்லை. சில நிறுவனங்கள் தாமாக விரும்பிக் கொடுக்கின்றன, பல கொடுப்பதில்லை. தாய்க்கு 84 நாட்கள். தகப்பனுக்கு மூன்று, அல்லது பூச்சியம். குழந்தை பிறந்த வீட்டில் ஆணுக்கு வேலை எதுவும் இல்லை என்ற எண்ணமே இந்தக் கணக்கின் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் காலாவதியாகிவிட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த 3 நாட்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சுகப்பிரசவமானால் தாயும் பிள்ளையும் ஓரிரு நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். சத்திரசிகிச்சையானால் மேலும் சில நாட்கள் செல்லும். தகப்பனின் விடுமுறையில் பெரும்பகுதி வைத்தியசாலை வாசலில் நிற்பதிலும், பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருப்பதிலும், உறவினருக்குச் செய்தி சொல்வதிலும் கழிந்துவிடுகிறது. ஆனால் தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்கத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில்தான். பிறந்த குழந்தைகள் பலருக்குக் காணும் மஞ்சள் நிறம் உச்சத்துக்கு வருவதும் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட நாட்களில். பிறந்தபோது இருந்த எடையில் சற்றுக் குறையும் குழந்தை அதைத் திரும்பப் பெற ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கேட்கும். அதற்கு இரவு பகல் என்ற வேறுபாடு தெரியாது. தாய்மார் பலருக்குக் காரணம் புரியாமல் கண் கலங்குவதும் மனம் சோர்வதும் அதே மூன்றாம் நாளையொட்டியே ஆரம்பிக்கிறது. ஆக, அரசாங்கம் கொடுத்த விடுமுறை முடியும் நாளில் வீட்டின் நெருக்கடி தொடங்குகிறது.

நம்முடைய முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் முதற்பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நடந்தது. துடக்கு என்று சொல்லி 31 நாட்கள் அந்தப் பெண்ணை அடுக்களைப் பக்கமே போக விடமாட்டார்கள். சம்பிரதாயத்தின் காரணம் எதுவாயினும், அதன் பயன் ஓய்வு. நொச்சியும் பாவட்டையும் ஆமணக்கும் அவித்த நீரில் குளிப்பாட்ட ஒருத்தி, சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்க ஒருத்தி, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசிக் குளிக்க வார்க்க ஒரு கிழவி, துணி துவைக்க இன்னொருத்தி. இத்தனை கைகள் இருந்த வீட்டில் தகப்பன் விறாந்தையில் இருந்து வெற்றிலை போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். அவன் உள்ளே போயிருந்தால் இடைஞ்சலாகவே இருந்திருப்பான். முப்பத்தொன்று கழித்த பிறகு பிள்ளையைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு அவன் பங்கு முடிந்தது.

அந்த வீடுதான் இப்போது இல்லை. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் முதலில் பிரித்தது இந்தக் கைகளைத்தான். இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை.

என் மகள் 1998 ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பில் பிறந்தாள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். என் தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமி யாழ்ப்பாணத்தில். ஏ9 வீதி மூடப்பட்டிருந்த காலம் அது. அது மீண்டும் திறந்தது 2002 இல். யாழ்ப்பாணத்திலிருந்து வருவதானால் படையினரின் அனுமதி வேண்டும். கப்பலிலோ விமானத்திலோ ஓர் இடம் வேண்டும். வந்து சேர்ந்தபின் பொலிஸ் பதிவு வேண்டும். பிள்ளை அந்த அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மனைவியின் உறவுப் பெண்களில் இருவர் கனடாவில், ஒருவர் சுவிஸில். எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியது நான் ஒருவன்.

தந்தைமை விடுமுறை என்ற சொல்லையே அப்போது எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆண்டுக்குரிய 14 நாள் வருடாந்த லீவையும் 7 நாள் அமய லீவையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வார விடுமுறைகளும் சேர ஏறத்தாழ நான்கு வாரங்கள். பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “பிள்ளை பெத்தது நீரோ, உம்முடைய மனிசியோ?” என்று கேட்டார். மேசைகளைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். ஆயினும் அந்தக் கேள்வி அவருக்குப் பகிடியாகத் தோன்றவில்லை, நியாயமாகவே தோன்றியது. லீவில் கையொப்பமிட்டார்.

அந்த நான்கு வாரங்களில் நான் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகளைத் துவைத்தேன். தென்மேல் பருவக்காற்று மழையில் அவை காயவில்லை; ஒவ்வொன்றாக அயர்ன் செய்து உலர்த்தினேன். வெள்ளவத்தைச் சந்தையில் பால்சுறா தேடி வாங்கி, மிளகும் உள்ளியும் சேர்த்துக் கறி வைத்தேன். இரவுப் பதிப்பு வேலை செய்து பழகிய உடம்பு. அதிகாலை 2 மணிக்கு விழித்திருப்பது எனக்குப் புதிதல்ல. பால் குடித்து முடிந்த பிள்ளையைத் தோளில் போட்டு, ஏவறை வரும்வரை முதுகைத் தட்டியபடி அறைக்குள் நடப்பேன். அந்த நேரத்தில் மனைவிக்கு இரண்டு மணி நேர நித்திரை கிடைக்கும். அவள் உடல் தேறியதற்கும் மனம் தேறியதற்கும் அந்த இரண்டு மணி நேரமே பெரிய மருந்தாக இருந்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள். மாமி எழுதிய பத்தியக் குறிப்புக் கடிதம், யாரோ ஒருவர் கையில் வந்து, இருபதாம் நாள் கிடைத்தது.

முதல் வாரத்தில் மருத்துவ மாது வீட்டுக்கு வந்தார். சிங்களப் பெண்மணி. “வீட்டில் வேறு பெண்கள் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்படியானால் நீங்கள் இப்படி வந்து இருங்கள்” என்று பாயைக் காட்டினார். தொப்புளை ஈரமின்றி வைத்திருப்பது எப்படி, பால் போதுமா என்பதைப் பிள்ளை நனைக்கும் துணிகளின் எண்ணிக்கையிலிருந்து அறிவது எப்படி, மஞ்சள் நிறம் எந்த அளவுக்குப் பரவினால் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் அன்று அவர் எனக்குச் சொல்லித் தந்தவை. ஒரு பாட்டிக்குச் சொல்வதைப் போலவே, சலிப்பின்றிச் சொன்னார்.

நம் நாட்டில் பலர் கவனிக்காத விடயம் ஒன்று இதில் இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டைத் தேடி அரச சேவையாளர் ஒருவர் இலவசமாக வருவது எல்லா நாடுகளிலும் நடப்பதன்று. முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவையேனும் மருத்துவ மாது வரவேண்டும் என்பது நமது ஏற்பாடு. தாய் சேய் நலத்தில் இலங்கை தெற்காசியாவில் தலைநிமிர்ந்து நிற்பதற்கு இந்தப் பெண்களின் நடை ஒரு முக்கிய காரணம். ஆனால் அவர்கள் வீட்டுப் படி ஏறும் நேரத்தில் தகப்பன் வேலைக்குப் போயிருப்பான். கற்பிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் அரசாங்கம், கற்கவேண்டியவனை மூன்றாம் நாளே காரியாலயத்துக்குக் கூப்பிட்டுவிடுகிறது.

பிறந்தது பெண் என்று அறிந்ததும் வந்த வாழ்த்துகளில் ஒன்றை நான் மறக்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளையோ? அப்ப இப்பவே சேர்க்கத் தொடங்கும்” என்றார் ஒரு பெரியவர். சீதனத்தைத்தான் சொன்னார். தேசவழமையில் மகளுக்குரிய பங்காக இருந்த சீதனம், காலப்போக்கில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் விலையாக மாறிய கதை நாம் அறிந்ததே. அதன் விளைவாக நம் தகப்பன்மார், மகள் பிறந்த அன்றே இன்னும் கூடுதலாக உழைக்க வீட்டை விட்டு ஓடுகிறார்கள். மேலதிக வேலை, இரவு வேலை, வெளிநாட்டு வேலை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மகளுக்கு ஒரு வீடு எழும்பி நிற்கும்; அந்த மகள் பசியில் அழுவது எப்படி, நித்திரைக்கு அழுவது எப்படி என்பதைத் தகப்பன் அறிந்திருக்கமாட்டான். அந்தத் தகப்பன்மாரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அன்பைக் கல்லாலும் சீமெந்தாலும் மட்டுமே காட்டலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கையே சந்தேகிக்கிறேன்.

இதற்கு வரும் ஆட்சேபங்களையும் பார்க்கவேண்டும். ஆணுக்கு விடுமுறை கொடுத்தால் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான் என்கிறார்கள். சிலர் படுத்திருப்பார்கள்தான். சம்பளத்தோடு கிடைக்கும் எந்த விடுமுறையையும் துஷ்பிரயோகம் செய்பவர் இருக்கிறார்கள். அதற்காக மருத்துவ லீவை யாரும் ஒழித்துவிடவில்லை. நோர்வேயின் அனுபவம் இங்கே பயன்படும். பெற்றோர் இருவரில் எவரும் எடுக்கலாம் என்றிருந்தபோது அங்கும் தகப்பன்மார் மிகச் சிலரே எடுத்தனர். 1993 இல், தகப்பன் எடுக்காவிட்டால் இழந்துபோகும் என்ற நிபந்தனையுடன் 4 வாரங்களை அவனுக்கென ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையான தகப்பன்மார் அதை எடுக்கத் தொடங்கினர். இன்று அந்தப் பங்கு 15 வாரங்கள். அவர்களுள் நம்மவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் விறாந்தையில் இருந்தவனின் மகன் ஒஸ்லோவில் பனிக்குள் பிள்ளையின் வண்டியைத் தள்ளிச் செல்கிறான். இரத்தம் மாறிவிடவில்லை, விதி மாறியது.

முதலாளிமாருக்குச் செலவு என்பது அடுத்த ஆட்சேபம். இரண்டு பிள்ளைகள் பெறும் ஒருவர், பிள்ளைக்கு 2 வாரம் வீதம், 30 ஆண்டுச் சேவையில் எடுப்பது மொத்தம் 28 நாட்கள். மேலும், மகப்பேற்று விடுமுறைச் சம்பளத்தை முதலாளியே முழுமையாகச் சுமக்கும் ஏற்பாடு நம்முடையது. ஆகவேதான் நேர்முகப் பரீட்சைக்கு வரும் இளம் பெண்ணை, திறமையைப் பார்க்கும் முன் ஒரு செலவாகப் பார்க்கிறார்கள். ஆணும் விடுமுறை எடுப்பான் என்ற நிலை வந்தால் அந்தப் பார்வை சற்றேனும் சமப்படும். செலவை முதலாளியின் தலையில் மட்டும் வைக்காமல் பொது நிதியம் ஒன்றிலிருந்து கொடுத்தால் இன்னும் நல்லது. தோட்டத் தொழிலாளிக்கும், நாட்கூலி மேசனுக்கும், முல்லைத்தீவில் கடலுக்குப் போகும் மனிதனுக்கும் ஏதாவது போய்ச் சேர்வதானால் அப்படி ஒரு நிதியம் இல்லாமல் முடியாது.

தகப்பனால் பாலூட்ட முடியாது என்பது மூன்றாவது. உண்மை. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவனால் செய்ய முடியும். இன்னொன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு 2 வாரங்களைத் தாண்டி நீடித்தால் வைத்தியரிடம் போகவேண்டும். அது நீடிக்கிறது என்பதைத் தாயால் பெரும்பாலும் தானாக உணர முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கண்டுகொள்ள வேண்டும். பக்கத்தில் எவரும் இல்லாத வீடுகள் இன்று எத்தனை!

புலம்பெயர்ந்து வாழும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். பிரித்தானியாவில் 2003 முதல் தகப்பனுக்கு 2 வாரங்கள் உண்டு. கனடாவில் இரண்டாவது பெற்றோருக்கென மேலதிகமாக 5 வாரக் கொடுப்பனவு 2019 இல் வந்தது. இருந்தும், ‘அம்மாவுக்கு விசா கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பவர்களை நான் அறிவேன். விசா மறுக்கப்பட்ட பின் கலங்கி நிற்கிறார்கள். அன்று எங்களுக்கு ஏ9 எப்படியோ, இன்று உங்களுக்கு விசா அப்படி. அம்மா வந்தால் நல்லது. வராவிட்டால், உங்களுக்குச் சட்டம் தந்திருக்கும் நாட்களை வெட்கப்படாமல் எழுதிக் கேளுங்கள்.

இலங்கை அரசாங்கத்திடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. அரச துறை, தனியார் துறை என்ற பேதமின்றித் தகப்பனுக்குச் சம்பளத்துடன் 2 வாரங்கள். தாயின் கணக்கிலிருந்து கழிக்காமல், வேறு எவருக்கும் மாற்ற முடியாமல். மருத்துவ மாது முதல் இரண்டு தடவை வரும்போது அவன் வீட்டில் இருப்பதற்கு அது போதும். பிள்ளையின் எடை மீண்டும் ஏறுவதைப் பார்க்கவும் போதும். மிச்சத்தை அவன் பிள்ளையிடமே கற்றுக்கொள்வான்.