ஓடும் வரைதான் அது ஜாரியா



தண்ணீர் வந்து சேரும் நாள் எந்த ஊருக்கும் பெருநாள்தான். 2010 ஜூலை 31 அன்று வட சென்னைக்கு அப்படியொரு நாள் வாய்த்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் நிலையம் அன்று காட்டுப்பள்ளியில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரவல்ல நிலையம் அது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் பகுதிகளுக்கு அந்நீர் வரத் தொடங்கியது. லாரியை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த தாய்மார்கள் அதன் அருமையை அறிவார்கள். உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹ் தன் திருமறையில் கூறுகிறான். அந்த நீர் வாசலுக்கு வரும்போது மகிழ்வதும் ஷுக்ரு செய்வதும் ஈமானுக்கு உரிய பண்புகள்.

ஆனால், கடலைக் குடிநீராக்க வேண்டிய நிலை நமக்கு ஏன் வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடியில் இறைவன் நன்னீரைச் சேமித்து வைத்திருந்தான். 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வு நடந்தது. அதன்பின் அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி, நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. மழை திருப்பித் தந்ததைவிட நாம் எடுத்தது மிகுதி. விளைவாக நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. இனித்த கிணறுகள் கரித்தன. இன்று அதே கடல்நீரை மின்சாரம் செலவழித்து நன்னீராக்குகிறோம். எஞ்சும் கடும் உவர்நீர் கடலுக்கே திரும்புகிறது. இலவசமாகக் கிடைத்த அமானிதத்தைப் பேணாதவர்கள் அதையே விலை கொடுத்து வாங்க நேர்கிறது.

இங்குதான் மார்க்கம் நமக்குக் கற்றுத் தரும் ஒரு சொல்லின் பொருள் விளங்குகிறது. மனிதன் இறந்த பின்னும் நன்மை சேர்க்கும் மூன்றில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது ஸதகத்துல் ஜாரியா. ‘ஜாரியா’ என்றால் ஓடிக்கொண்டிருப்பது. கிணறு வெட்டிய நாளை அச்சொல் குறிக்கவில்லை. அதில் நீர் தொடர்ந்து கிடைப்பதையே குறிக்கிறது. அதனால்தான் வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவு அந்த வக்ஃபுச் சொத்தின் பராமரிப்புக்கே என்று ஃபுகஹாக்கள் வகுத்தார்கள். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஜுபைதா மக்காவுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றதற்கும் இதுவே காரணம். அது பழுதுபட்டபோதெல்லாம் பின்வந்தவர்கள் செப்பனிட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியச் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அதற்குப் பெரும் பொருள் அளித்தார். தொடங்கியவரின் பெயரோடு செப்பனிட்டவரின் பெயரையும் வரலாறு வைத்திருக்கிறது.

இன்று நம் குடும்பங்கள் பல, மறைந்த பெற்றோரின் பெயரால் ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிணறு அமைக்கப் பணம் அனுப்புகின்றன. முதல் நீர் பீறிட்டு வரும்போது அங்குள்ள சிறுவர்கள் துள்ளும் காட்சியைக் கைப்பேசியில் கண்டு கண்கலங்குகிறோம். இது போற்றத்தக்க வழக்கம். அந்தக் கண்டத்தின் பல நாடுகளில் நிறுவப்படும் ‘இந்தியா மார்க் 2’ அடி பம்பு, 1970-களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டில் உருவானதே. நம் தெருமுனைகளில் நிற்பதும் அதுதான். ஆயினும், சஹாராவுக்குத் தெற்கே உள்ள அடி பம்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இயங்குவதில்லை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உதிரி பாகம் கிடைப்பதில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லை. அதற்கென ஒதுக்கிய பணமும் இல்லை. கொடுத்தவரின் நிய்யத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் துருப்பிடித்த பம்பு எவருடைய தாகத்தையும் தீர்க்காது. ஆகவே பணம் அனுப்பும் முன், “பழுதானால் யார் பார்ப்பார்கள்? அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு கிணறுகளுக்கான பணத்தில் ஒன்றை மட்டும் அமைத்து, மீதியை அதன் பராமரிப்புக்கு வைப்பது மேல்.

அதே கேள்வியை நம் மஹல்லாவிலும் கேட்க வேண்டும். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. நம் பள்ளிவாசல்களின் மழைநீர்க் குழிகளில் எத்தனை இன்று தூர்ந்து கிடக்கின்றன? நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் உளூ செய்தார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பல லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரையே சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அதனால் அவ்வளவு நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. உளூ செய்த நீரோ அசுத்தமானதன்று. ஷாஃபிஈ மத்ஹபின்படி அதைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய இயலாது என்றாலும், அதை மரங்களுக்கும் மண்ணுக்கும் திருப்பத் தடை ஏதுமில்லை.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீருக்கென இருவரைப் பொறுப்பாக்குங்கள். சிறு நிதியொன்றைத் தனியே வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குழியைத் தூர் வாருங்கள். உளூ நீருக்குத் தனிக் குழாய் அமையுங்கள். பள்ளியின் வெளிச்சுவரில் தெருவுக்கென ஒரு குடிநீர்க் குழாய் வைத்து, அந்நீரை ஆண்டுக்கொரு முறையாவது பரிசோதியுங்கள். மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் வழிப்போக்கரும் எம்மதத்தவராயினும் அதில் அருந்தட்டும். மிஞ்சிய நீரை வழிப்போக்கனுக்கு மறுப்பவன் மறுமையில் அல்லாஹ்வின் கருணைப் பார்வையை இழப்பான் என்ற எச்சரிக்கையில், அந்த வழிப்போக்கனின் மதம் குறிப்பிடப்படவில்லை.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் தானே வரும். வாஷர் தேய்ந்த குழாயை மாற்ற ஒருவர் வர வேண்டும். அந்த ஒருவராக நம் வீட்டுப் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.