வீட்டுப் பட்டறை: மலிவு தகுமிடமும் தகாவிடமும்

உயர்தரப் பரீட்சையிற் பொறியியல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தந்தையார் பாவித்துவரும் 25 வருடப் பழைய காரையும் தம் மோட்டார்ச் சைக்கிளையும் வீட்டிலேயே பழுதுபார்க்க விரும்புகிறாராம். தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த சிறு தொகை கையில் இருக்கிறதாம். அதைக்கொண்டு எந்தெந்தக் கருவிகளை வாங்கலாம், கடையில் மலிவாகக் கிடைக்கும் 24 லீற்றர்க் காற்றமுக்கி போதுமா என்பன அவருடைய வினாக்கள். காற்றமுக்கி என்பது கராஜ்களில் நாம் ‘கொம்பிறஷர்’ என்று வழங்குவதேயாம்.

இத்தகைய கடிதங்கள் பெருகியிருப்பதில் வியப்பில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளதைப் பேணி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று. யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய பாடமும் அன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓட்டிய கைகள் இன்னும் நம்மிடையே உள.

மாணவருக்கு முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியை வாங்குமுன்னும், ‘இது வேலையின் நடுவே உடைந்தால் என்ன நேரும்?’ என்று கேட்டுக்கொள்க. வேலை தடைப்படும் என்பதே விடையானால் மலிவானதைத் தயங்காமல் வாங்கலாம். கையோ கண்ணோ உயிரோ போகும் என்பது விடையானால் அங்கே மலிவு தகாது. இவ்விதியை நான் என் வீட்டுக் கொட்டிலிலேயே கற்றேன். அக்கதை பின்னர் வரும்.

கைக் கருவிகள்

நூற்றைம்பது துண்டுகள் அடங்கிய பெட்டி என்று கடைக்காரர் காட்டும் மினுக்கத்தில் மயங்கவேண்டாம். அவற்றுட் பாதி ஒருநாளும் பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை. நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வாகனங்களின் ஆணிகளிற் பெரும்பாலானவை 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் அளவுகளுக்குள் அடங்கிவிடும். இவ்வளவுகளில் நல்ல ஸ்பானர்களும் சொக்கட்டுகளும் இருந்தாற் போதும். சொக்கட்டின் உட்புறம் பன்னிரண்டு முனையுடையதாயிராது ஆறு முனையுடையதாயிருத்தல் நன்று. அது ஆணித் தலையின் மூலைகளைத் தேய்க்காமல் பக்கங்களைப் பற்றித் திருப்பும். துருப்பிடித்த ஆணியின் தலை உருண்டுவிட்டால், அதைக் கழற்றும் கூலிக்கே இரண்டு நல்ல சொக்கட்டுகளை வாங்கிவிடலாம்.

பழைய ஜப்பானிய மோட்டார்ச் சைக்கிள் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அவற்றின் கூட்டற்குறித் தலைத் திருகாணிகள் ஜப்பானிய நியமத்துக்கு அமைந்தவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்குறூ டிரைவர் அவற்றில் முழுதாக இறங்காது. பலமாகத் திருப்பினால் வழுக்கித் தலையை அரித்துவிடும். ஜப்பானிய நியமத்துக்குரிய ஸ்குறூ டிரைவர் ஒன்றைக் கேட்டு வாங்குதல் நன்று. மற்றைக் குறடு, அரம், சுத்தியல் ஆகியவற்றை மலிவாகவே வாங்குக. எது அடிக்கடி பாவிக்கப்பட்டு உடைகிறதோ அதனை மட்டும் இரண்டாம் முறை உயர்ந்த தரத்தில் வாங்குக. எங்கே பணத்தைச் செலவிடவேண்டும் என்பதை உடைந்த கருவியே நமக்குச் சொல்லிவிடும்.

விதியின் மறுபக்கம் வாகனத்தைத் தூக்கும் ஜக்கில் தொடங்குகிறது. ஜக் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. அதனுள்ளே எண்ணெயைத் தடுத்து நிற்பது ஒரு சிறு றபர் வளையந்தான். ஆதலால் நன்கு தாங்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டை ஊன்றிய பின்னரன்றி ஒருவரும் வாகனத்தின் கீழே புகலாகாது. அத்தாங்கிகளிலும் மலிவைத் தேடலாகாது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்பர் பிரெயிற் என்னும் மலிவுக் கருவிக் கடைத்தொடர், பற்கள் சரிவரக் கவ்வாமல் வழுக்கக்கூடும் என்ற காரணத்தால் தான் விற்ற தாங்கிகளைப் பெருந்தொகையாகத் திரும்ப அழைத்தது. மாற்றாகக் கொடுத்த தாங்கிகளுட் சிலவற்றையும் ஒட்டுக் குறையினால் அதே ஆண்டிற் திரும்ப அழைக்க நேர்ந்தது. பெரிய வாணிபமே தடுமாறும் இவ்விடத்தில் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை நம்பலாமா?

காற்றமுக்கியைத் தெரிதல்

கடைக்காரர் முதலிற் சொல்வது பரிவலு. அடுத்துச் சொல்வது தாங்கியின் லீற்றர் அளவு. நாம் கேட்கவேண்டியது மூன்றாவது ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றை அது உண்மையாக வெளியே தருகிறது என்பதே அது. தகட்டில் 180 என்றோ 200 என்றோ பொறித்திருப்பது பெரும்பாலும் ஆடுதண்டு உள்ளிழுக்கும் அளவு. மலிவான சிறு பொறிகளில் வெளியே வருவது ஏறத்தாழ அதில் மூன்றில் இரண்டு பங்கே.

மாணவர்கள் பள்ளியிற் படித்த போயிலின் விதியை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். 24 லீற்றர்த் தாங்கி 8 பார் அமுக்கத்தில் நிரம்பியிருக்கிறது. அமுக்கம் 6 பாருக்கு இறங்கும்போது மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடையே நமக்குக் கிடைப்பது 24ஐ 2ஆற் பெருக்கிய 48 லீற்றர் காற்று. காரின் ரயர் ஒன்றினுள்ளே 30 லீற்றர் இடம் உண்டென்று கொண்டால், அதனை 20 இறாத்தலிலிருந்து 32 இறாத்தலுக்கு ஏற்ற 25 லீற்றர் காற்றுப் போதும். ஆகவே ரயருக்குக் காற்றடிக்கவும் தூசியை ஊதிக் களையவும் சிறு பொறி தாராளம்.

ஆனால் வர்ணம் பூசுமுன் தகட்டைத் தேய்க்கும் காற்றுத் தேய்ப்பானோ நிமிடத்துக்கு 250 லீற்றருக்கு மேற் குடிக்கும். அதற்கு அந்த 48 லீற்றரும் 12 விநாடிக்குட் தீர்ந்துவிடும். பின்னர் மோட்டார் ஓய்வின்றி ஓடிச் சூடேறிக் கருகும். அவ்வேலைக்கு மின்சாரத் தேய்ப்பானே சிக்கனம். சில்லு ஆணிகளைக் கழற்றும் காற்றுத் தாக்கு ஸ்பானர் விட்டுவிட்டு வேலை செய்வதால், 50 லீற்றர்த் தாங்கியுடைய பொறி அதற்கு ஈடுகொடுக்கும். அதற்குக் கறுப்பு நிறத் தாக்குச் சொக்கட்டுகளையே பூட்டுக. மினுங்கும் சாதாரணச் சொக்கட்டு அவ்வடியில் வெடித்துத் தெறிக்கலாம். கழற்றுவதற்குப் பொறியைப் பாவித்தாலும் இறுக்குவதைக் கையாலேயே முடிக்கவேண்டும். சிறு காரின் சில்லு ஆணிக்கு வேண்டிய முறுக்கம் ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர். அதாவது, அரை மீற்றர்க் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டாற்போன்ற பலம். உங்கள் வாகனத்துக்குரிய சரியான அளவு அதன் கைந்நூலில் இருக்கும்.

2 பரிவலு மோட்டார் ஓடும்போது 8 முதல் 10 அம்பியர் வரை மின்னோட்டம் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதனினும் பன்மடங்கு. எனவே அதனை 5 அம்பியர்த் துளையிற் செருகலாகாது. மெல்லிய நீட்சி வயரிலும் பூட்டலாகாது. வேலை தூரத்தில் இருந்தால் மின் வயரை நீட்டாமற் காற்றுக் குழாயை நீட்டுக.

கொட்டிலில் நடந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் பழைய 50 லீற்றர்க் காற்றமுக்கி ஒன்றை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்தேன். தமக்கையின் மகன் அதனைத் தினமும் பாவித்தான். ஒருநாள், “மாமா, தாங்கியின் அடியிற் சீறுகிற சத்தம் கேட்கிறது” என்றான். குனிந்து பார்த்தபோது ஊசித் துவாரமளவில் ஓர் ஓட்டை. சிறிய ஓட்டைதானே, ஒட்டிவிட்டால் இன்னும் பல காலம் ஓடும் என்று நானே சொன்னேன். பொறியை ஏற்றிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் முதியவர். தாங்கியின் அடியைச் சுத்தியலாற் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதை ஒட்டித் தரமாட்டேன். வெட்டித் தரட்டுமா?” என்றார். அரை மனதோடு சம்மதித்தேன். இரண்டாக அரிந்தபோது உள்ளேயிருந்து செந்நிறச் சேறும் துருச் செதில்களும் கொட்டின. அடித்தகடு ஓரிடத்தில் மட்கார்ட் தகட்டினும் மெல்லியதாய்ப் போயிருந்தது. அவர் கட்டைவிரலால் அழுத்த அது உள்ளே வாங்கியது. அத்தாங்கியின் பக்கத்திலேதான் மருமகன் நாள்தோறும் குந்தியிருந்து வேலை செய்தான். அவனுடைய சிறு தங்கையும் அங்கேதான் விளையாடுவாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிழை பொறியிலன்று, என்னிடத்திலேயே இருந்தது. அடியிலுள்ள வடிகாற் திருகை நான் ஒருநாளும் திறந்ததில்லை. நமது வெப்பமான, ஈரமான காற்றில் ஒரு கனமீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி உண்டு. காற்றை ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கினால் அந்நீராவியிற் பெரும்பகுதி நீராய் மாறிவிடும். 50 லீற்றர்த் தாங்கியை ஒருமுறை 8 பாருக்கு நிரப்பினால், ஆறிய பின் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி நீர் அடியிற் தங்கும். நாளுக்குப் பத்துமுறை நிரப்பினால் அரைக் கோப்பை நீர். தாங்கியின் இரும்பை உள்ளிருந்து தின்றது அந்நீரே.

நெருக்கிய காற்று நீரைப் போன்றதன்று. நீர்த்தாங்கி வெடித்தால் ஒழுகும். காற்றுத்தாங்கி வெடித்தாற் சிதறும். 8 பாரில் நிரம்பிய 50 லீற்றர்த் தாங்கியுள் அடங்கிய சக்தி, 60 கிலோ எடையுள்ள ஒருவரை இரண்டு நெடுந்தென்னைகளின் உயரத்துக்குத் தூக்கிவிடப் போதுமானது. அடுப்படியிலுள்ள பிறஷர் குக்கரின் காப்பு வால்வை நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு கருத்தாகப் பார்க்கிறார்கள்! 17ஆம் நூற்றாண்டிலே டெனிஸ் பப்பின் என்பார் தம் நீராவிக் கலத்துக்கு அமைத்த அவ்வால்வின் வழிவந்ததே காற்றமுக்கியிலுள்ள காப்பு வால்வும். அதற்கும் அதே கருத்து வேண்டும்.

ஆகவே இவற்றை மறவாதீர்கள். வேலை முடிந்ததும் அமுக்கத்தைக் குறைத்து வடிகாற் திருகைத் திறந்து நீரை முற்றாக வெளியேற்றுக. மாதம் ஒருமுறை காப்பு வால்வின் வளையத்தை இழுத்து அது காற்றை விடுகிறதா என்று பார்க்க. துருவினால் ஓட்டை விழுந்த தாங்கியை ஒருபோதும் ஒட்டவேண்டாம். அவ்வோட்டை இயற்கை தரும் எச்சரிக்கை. வீட்டுக்கு நீர் கொண்டுவரும் பீ.வீ.சீ. குழாயைக் காற்றுக்குப் பாவிக்கவேண்டாம். அது கண்ணாடிபோல் நொறுங்கித் தெறிக்கும். காற்று முனையை விளையாட்டாகவேனும் ஒருவர் உடம்பை நோக்கிப் பிடிக்கவேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி அணிக.

இனி மாணவருக்கு என் விடை. முதலில் இரும்புத் தாங்கிகள் இரண்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் தரமானவையாக வாங்குக. அடுத்து மேற்சொன்ன அளவுகளில் ஸ்பானர்களும் சொக்கட்டுகளும். ஜக் காரோடு வந்ததே இப்போதைக்குப் போதும். எஞ்சிய பணத்தில் 24 லீற்றர்க் காற்றமுக்கி வாங்கலாம். ஆனாற் புதிதாக வாங்குக. உள்ளே எவ்வளவு துரு என்று தெரியாத பழைய தாங்கி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பணம் போதாவிட்டால் காற்றமுக்கியைப் பிற்போட்டுக் காலால் மிதிக்கும் காற்றுப் பம்புடன் தொடங்குக. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பட்டறைக்கும் பொருந்தும்.

அரிந்த அந்தத் தாங்கியின் ஒரு பாதி இன்றும் என் கொட்டிலின் சுவரிற் தொங்குகிறது. மருமகன் இப்போது வேறொரு பொறி வைத்திருக்கிறான். மாலையில் வேலை முடிந்து அவன் வடிகாலைத் திறக்கும்போது எழும் சீறலை வீட்டுக்குள்ளிருந்தே கேட்பேன். அது கேட்ட பின்னரே தேநீர் குடிக்கப் போவேன்.