முதலில் காணி, பிறகு லாவெண்டர்

ஜம்மு மலைகளில், தோடா மாவட்டத்துப் பதர்வாவில், சோளம் விதைத்துக் காலம் தள்ளிய சிறு விவசாயிகள் இன்று லாவெண்டர் பயிரிட்டு எண்ணெய் வடிக்கிறார்கள். இந்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் நாற்றுகளை இலவசமாகக் கொடுத்தது. அதன் ‘அரோமா மிஷன்’ வடிகலன்களையும் அங்கேயே நிறுவியது. ஒரு லீற்றர் எண்ணெய் 10,000 இந்திய ரூபாய்க்கு விலைபோவதாக அந்த அரசாங்கம் சொன்னது. தேயிலையை நம்பி நொந்துபோனவர்கள், நுவரெலியாவில் ஏன் முடியாது என்று கேட்பது நியாயமே.

உயரம் என்னவோ பொருந்துகிறது. பதர்வா சுமார் 1,600 மீற்றர், நுவரெலியா 1,868. ஆனால் லாவெண்டர் பனிக் குளிரில் அடங்கிக் கிடந்து, நீண்ட கோடைப் பகலில் பூக்கும் செடி. நமது மலையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம்தான். ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொழுந்துக் கூடையே காய்வதில்லை. அந்த ஈரத்தில் லாவெண்டரின் வேர் அழுகிவிடும். மண்ணும் ஒத்துவராது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் உள்ள புளிப்பு மண் வேண்டும், லாவெண்டருக்கு 6.5க்கு மேல், சுண்ணாம்புச் சத்துள்ள மண். சுண்ணாம்பைக் கொட்டி மண்ணை மாற்றிவிட்டால் அதே மலையில் மறுபடி தேயிலை வைப்பது பெரும்பாடு. இத்தனைக்குப் பிறகும் நூறு கிலோ பூவை நீராவியில் அவித்தால் ஒரு கிலோ எண்ணெய் தேறுவது அரிது. சுற்றுலா வருவோர் படம் பிடிக்க நாலு பாத்தி போடுவதானால் போடட்டும். அதற்கு நமது அனுமதி தேவையில்லை.

சந்தையும் பூப்போல மென்மையானதல்ல. பல்கேரியா போட்டிபோட்டு நட்டதில் எண்ணெய் தேங்கி விலை விழ, லாவெண்டருக்குப் பேர்போன பிரான்ஸே தன் விவசாயிகளுக்கு நிவாரணம் கொடுக்க நேர்ந்தது.

மலையகம் இத்தகைய விலைச் சரிவை முன்பே அனுபவித்திருக்கிறது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தின்னத் தொடங்கியதும் தோட்டத்துரைமார் மருந்துப் பட்டை தரும் சிங்கோனா மரத்தின் பக்கம் ஓடினார்கள். ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே அந்த மரத்துக்காகத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள், 1880களில் பட்டையின் விலை சரிந்தது. வாசனை எண்ணெயிலும் நமக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தெற்கில் வடித்த சிற்றனெல்லா எண்ணெய் ஒருகாலத்தில் உலகச் சந்தையை ஆண்டது. அதில் மண்ணெண்ணெய் கலந்து விற்றவர்களால், கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஐரோப்பிய வணிகர்கள் தனிச் சோதனையே வகுத்தார்கள். பிறகு ஜாவா முந்திக்கொண்டது.

ஆனாலும் பதர்வாவிலிருந்து கற்க ஒன்று உண்டு. அங்கே செடி நின்றது விவசாயியின் சொந்த நிலத்தில். இங்கே? மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை 2023இல் நினைவுகூர்ந்தோம். ஆனால் காணி அவர்கள் கைக்கு வரவில்லை; 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. வீடு கட்ட 7 பேர்ச் காணி என்பதற்கே எத்தனை தேர்தல் மேடைகள்! 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் பெரும் இழுபறிக்குப் பிறகுதான். இந்த நிலையில் எந்த அதிசயப் பயிரைக் கொண்டுவந்தாலும் கொழுந்துக்குப் பதில் பூ நிறுக்கப்படும். மடுவத்துத் தராசு அதேதான். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ 70 வீதத்தைச் சிறுதோட்ட உடைமையாளர்களே தருகிறார்கள் என்பதைக் கம்பனிகளும் அமைச்சும் நன்கறியும். சொந்தக் காணி இருந்தால் குடும்பம் செடியைக் கவனிக்கும். இதற்கு ஆய்வறிக்கை வேண்டியதில்லை.

எனவே, காடாகிப்போன தேயிலை மலைகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு வழங்க வேண்டும். மிளகா, ஏலமா, எலுமிச்சைப்புல்லா, மரக்கறியா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். எண்ணெய் வடிப்பதானால் வடிகலன் கூட்டுறவின் உடைமையாக இருக்கட்டும். தோட்டங்களில் விறகுக்கு நட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் எல்லாவற்றிலும் தைலம் வடிக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லாவெண்டரைச் சீத்தாஎலிய ஆராய்ச்சி நிலையத்தில் சில பாத்திகளில் வைத்து, குறைந்தது மூன்று பருவமழையைத் தாங்குகிறதா என்று பார்க்கலாம். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியவர்களின் அவசரம் இதில் வேண்டாம். அடுத்த ஆண்டே தேயிலை உற்பத்தி 29 கோடியே 90 இலட்சம் கிலோவிலிருந்து 25 கோடிக்கு இறங்கியது.

குத்தகைப் பத்திரம் கணவன் பெயரில் மட்டும் எழுதப்படாமல், கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயரிலும் எழுதப்பட வேண்டும்.