வறுமைக் கோட்டை யார் போடுவது?

நாளொன்றுக்கு 32 ரூபாய் செலவழிக்க முடிந்தால் பட்டணத்தில் ஒருவன் ஏழையல்ல. கிராமத்தில் 26 ரூபாய் போதும். 2011 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் திட்டக் கமிஷன் தாக்கல் செய்த வாக்குமூலம் இப்படித்தான் சொல்லிற்று. அரிசி, பருப்பு, துணி, பஸ் சார்ஜ், மருந்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் எல்லாம் இந்தக் காசுக்குள் அடங்க வேண்டுமாம்! நைட் ஷிப்டு முடிந்து வரும் ஆலைத் தொழிலாளியும், நாற்று நட்டுக் கரையேறும் விவசாயத் தொழிலாளியும் இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா?

இந்தக் கோட்டின் கதையை நாம் தெரிந்துகொள்வது அவசியம். 1962-ல் கூடிய நிபுணர் குழு, ஆளுக்கு மாதம் 20 ரூபாய் வேண்டும் என்றது. அதில் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் செலவு சேர்க்கப்படவில்லை. ஏன்? அவ்விரண்டையும் சர்க்காரே கொடுக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். 1979-ல் வந்த குழு மனிதனைக் கலோரியால் அளந்தது: கிராமத்தில் 2400, நகரத்தில் 2100. வயிற்றுக்குக் கணக்குப் போட்டார்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் ஆகும் கடனுக்கு எந்தக் கலோரியில் இடம்?

பிறகு நடந்ததுதான் பெரிய வேடிக்கை. டெண்டுல்கர் கமிட்டி காட்டிய வழியில் 2011-12-ம் ஆண்டுக்குக் கோடு போட்டார்கள்: கிராமத்தில் மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1000. ஏழைகள் சுமார் 27 கோடி. 2014-ல் ரங்கராஜன் கமிட்டி அதே ஆண்டுக்கு வேறு கோடு போட்டது: 972, 1407. ஏழைகள் 36 கோடிக்கு மேல்! ஆண்டும் அதே, மக்களும் அவர்களே, குடித்த கஞ்சியும் அதே. கோடு கிராமத்தில் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் சொச்சமும், நகரத்தில் பதின்மூன்று ரூபாய் சொச்சமும் ஏறியது. ஒன்பது கோடிப் பேர் ஏழைக் கணக்கில் வந்தார்கள்.

கணக்கெடுப்பும் ஆராய்ச்சியும் கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர் இல்லை, எந்தக் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்று தெரியாமல் நியாயம் கேட்க முடியாது. கணக்கில் வராதவனுக்குப் பங்கும் வராது. ஆனால் அந்தக் கணக்கைக் காட்டியே சோற்றை மறுப்பதை எதிர்க்கிறோம்.

1997-ல் மத்திய சர்க்கார் கோட்டுக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்று ரேஷனைப் பிரித்தது. கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே நிற்கிறவன் மிராசுதாரனாகிவிட்டானா? ஒரு லே-ஆப், மழை பொய்த்த ஒரு பருவம் போதுமே, அவன் கீழே விழ! தமிழ்நாடு அந்த வழியில் போகாமல் அனைவருக்கும் ரேஷன் என்ற முறையைக் கைவிடாதிருந்தது. ஏழை என்று நிரூபிக்க யார் வாசலிலும் நிற்க வேண்டாம், கார்டு போதும். இந்த உரிமையில் எவரும் கைவைக்க நாம் விடக்கூடாது.

இன்னொன்று. பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுகிற கணக்கெடுப்பாளருக்கு நம் வீட்டில் யார் பதில் சொல்வது? ஒருவர் ஆலையில், ஒருவர் வயலில். ஆகவே கோருகிறோம்: வேலை முடிந்த நேரத்தில் வரட்டும். எடுத்த பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படிக்கட்டும். விடுபட்டவர்களை அங்கேயே சேர்க்கட்டும்.

தோழர்களே! அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சங்கமும் பத்துக் குடும்பங்களின் ஒரு மாத வரவையும் செலவையும் கடனையும் நோட்டில் எழுதட்டும். அடுத்த கோடு போட உட்காருகிறவர்களின் மேஜை மேல் அந்த நோட்டுகளைக் கொண்டுபோய் வைப்போம்.