திரையில் ஒற்றர், தூக்குமேடையில் ஒற்றர்

திரைப்படங்களைப் பற்றி இப்பகுதியில் எழுதுவது வழக்கமன்று. பாட்டும் கூத்தும் நம் குடும்பப் பக்கத்தில் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் 1945-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அதன் கதை நிகழும் நாடு, நம்மவர் பல்லாயிரவர் பிழைப்புத் தேடிப் போன நாடு.

படத்தின் பெயர் 'பர்மா ராணி'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. இயக்கியவர் அந்நிறுவனத்தின் அதிபர் டி.ஆர். சுந்தரம். ஜப்பானியர் வசம் வீழ்ந்துவிட்ட பர்மாவில் இந்திய விமானிகள் அகப்பட்டுக்கொள்கின்றனர். எதிரியை ஏய்த்து உளவு வேலை, அதனூடே ஒரு காதல், இடையிடையே பாட்டும் சிரிப்பும். கே.எல்.வி. வசந்தாவும் ஹொன்னப்ப பாகவதரும் நாயகி நாயகர். டி.எஸ். பாலையாவும் உண்டு. ஜப்பானியத் தளபதியாகச் சுந்தரமே வேடமேற்றார்.

இப்படி ஒரு படம் எடுக்க வேண்டிய அவசியம் என்ன? போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் அரசாங்கத்தின் பிடியில் இருந்தது. உரிமம் பெற்றவர்க்கே பிலிம். ஒரு படம் 11,000 அடியைத் தாண்டலாகாது என்பது உத்தரவு. அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்குமுன் வந்த நீண்ட பாட்டுப் படங்களைப் பொறுமையோடு பார்த்தவர்கள் இந்த உத்தரவுக்காக வெள்ளைக்காரனுக்கு நன்றி சொன்னாலும் வியப்பில்லை! பிலிம் தரும் கை போர்ப் பிரசாரப் படமும் கேட்டது. பாபநாசத்தில் பிறந்த கே. சுப்ரமணியத்தின் நிலையைப் பாருங்கள். 1939-இல் அவர் எடுத்த 'தியாகபூமி'யை அரசாங்கம் தடை செய்தது. அதே சுப்ரமணியம் 1945-இல் ஜப்பானியருக்கு எதிரான 'மானசம்ரக்ஷணம்' என்ற படத்தை எடுத்தார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பிலிம் இல்லாமல் படக்காரர் என்ன செய்வார்?

பூதலூர்ப் பக்கம் பர்மா என்றால் வேறொரு பொருள் உண்டு. கல்லணைக் கால்வாய் பாயும் வயல்களில் நெல்லுக்குக் குறைவில்லை. எனினும் தஞ்சை மாவட்டத்து வீடுகள் பலவற்றுக்கு ரங்கூனிலிருந்து மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. அங்கே நம் சூலியா முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தனர். நாட்டைவிட்டு வெளியேறியோர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். வழியில் காலராவிலும் பசியிலும் மடிந்தோர் பல்லாயிரவர். ஐரோப்பியருக்கு வசதியான பாதை, மற்றையோருக்கு வேறு பாதை என்ற பாகுபாடும் அந்த நடையில் இருந்தது. பர்மா அரிசி நின்றுபோகவே, சென்னை மாகாணத்தில் நெல் கொள்முதலும் ரேஷனும் வந்தன. தஞ்சை நெல்லின் மீது அரசாங்கத்தின் கண் விழுந்தது. 1943-இல் வங்காளப் பஞ்சம் சுமார் முப்பது லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

எங்கள் நன்னா 'பர்மா ராணி'யைப் பார்த்து வந்து, வீட்டுத் திண்ணையில் கதை சொன்னாராம். எதிரே அமர்ந்திருந்தவர் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த அவருடைய மைத்துனர். விமானம், காதல், பாட்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "ஏன் மச்சான், டாமு ரோட்டைக் காட்டினானா?" என்று மட்டும் கேட்டாராம். இல்லை என்றதும் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். நன்னி இதைச் சொல்லும்போதெல்லாம் வெற்றிலையை இடிப்பதை நிறுத்திவிடுவார்.

படத்தில் காட்டாதது இன்னொன்றும் உண்டு. மெய்யான ஒற்றர்கள் அதற்குமுன்பே நம் கரைக்கு வந்துவிட்டிருந்தனர். திருவிதாங்கூரில் வக்கம் என்னும் ஊரில் 1917-இல் பிறந்த அப்துல் காதிர், மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். பினாங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தார் நடத்திய சுவராஜ் பயிற்சி நிலையத்தில் உளவுப் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் தோழர்களோடு புறப்பட்டு, மலபார்க் கரையில் தானூரில் இறங்கினார். இறங்கியதும் பிடிபட்டனர். வழக்கு சென்னையில் நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று விடியலில் சென்னைச் சிறையில் அப்துல் காதிர், அனந்தன், சத்தியேந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். அன்று ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. முந்தைய இரவு காதிர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வயது இருபத்தாறு. பாட்டு இல்லை, காதல் இல்லை. ரப்பர் படகும் கடற்கரை மணலும் சிறையறையுமே அவருடைய உளவுக் கதை.

எதிரணியிலும் நம்மவர் ஒருவர் இருந்தார். திப்பு சுல்தானின் வழிவந்த நூர் இனாயத் கான், வீணை வல்லுநரான சூஃபி அறிஞரின் மகள். தாமும் இசை பயின்றவர். 1943 ஜூனில் ஆங்கிலேயர் அவரை ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சுக்குக் கம்பியில்லாத் தந்தி இயக்குநராக அனுப்பினர். பிடிபட்டும் வாய் திறவாத அப்பெண்மணி 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது முப்பது. நூருக்குப் பிரிட்டன் 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருதளித்தது. ஆக, ஒரே போரில், ஒரே தொழிலில், எதிரெதிர் அணிகளில் நின்று இருவரும் உயிர் நீத்தனர். எந்த அணி சரி என்பதைப் பாட்டுப் படம் இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

'பர்மா ராணி' வந்த அதே ஆண்டு நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் ஆகிய இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது. ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்டவர்கள் அவர்கள். நாடு முழுவதும் அவர்களுக்காகக் கிளர்ந்தெழுந்தது. பூலாபாய் தேசாய் வாதாடினார். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் ஆலோசகராக இருந்த தமிழ் முஸ்லிம் கரீம் கனியின் பெயரும் ஊருக்கு ஊர் பேசப்பட்டது. சில மாதங்களுக்குமுன் திரையில் கண்ட எதிரிக்கும் வீரனுக்கும் இடையிலான கோடு, கொட்டகைக்கு வெளியே இடம் மாறிவிட்டது.

அந்தக் கிளர்ச்சியின் வேகத்தில் செங்கோட்டைக் கைதிகள் மூவரும் 1946 ஜனவரியில் விடுதலையாயினர். அப்துல் காதிருக்காக அவ்வாறு எழும்ப 1943-இல் யாரும் இல்லை. அவர் நினைவாக அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது 1998-இல்.