பெஞ்சிலும் ஏழு பேர் இருக்கிறார்கள்!



நம் விடுதியில் கரண்ட் போகும், தண்ணீர் நிற்கும். ஆனால் கூடைப்பந்துச் சண்டை மட்டும் நின்றதே இல்லை. "ஜெயிக்கணும்னா நல்லா ஆடுற அஞ்சு பேரும் கடைசி வரைக்கும் ஆடணும்டா!" என்பது ஒரு கட்சி. "அப்ப மத்த ஏழு பேரு எதுக்கு? தண்ணி பாட்டில் தூக்கவா?" என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே பாதி நியாயம் என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர் என்றால், ஓர் அணி பங்கிட வேண்டியது 200 நிமிடம். அணியில் இருப்பது 12 பேர். இந்த ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகலாம். கால்பந்தில் இந்த வசதி கிடையாது. இவ்வளவு வசதி இருந்தும் 200 நிமிடத்தையும் ஐந்தே பேர் தலையில் கட்டுவது என்ன கெட்டிக்காரத்தனம்?

நம் ராமநாதபுரம் வெயிலில், சிமெண்ட் தரையில், மூன்றாம் பகுதி முடிவதற்குள் கால் தள்ளாடுகிறது. ஓடி மறிக்க முடியாதவன் கையை நீட்டுகிறான்; விசில் ஊதுகிறார்கள். ஐந்து தவறு சேர்ந்தால் அவன் வெளியே! அப்போதுதான் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறோம். அரை மணி நேரமாகப் பந்தையே தொடாதவனைப் பிடித்துத் தள்ளி, "போடா, காப்பாத்துடா!" என்கிறோம். அவன் கையில் பந்து நிற்காவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்ல, இவன் தேறமாட்டான்னு" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

தொழில்நுட்பம் படிக்கிற நாம் இப்படிச் செய்யலாமா? பம்ப் ஹவுஸில் இரண்டு மோட்டார் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றித்தானே ஓட்டுகிறார்கள்? ஒன்றைச் சும்மாவே போட்டு வைத்தால், அவசரத்துக்கு ஸ்விட்ச் போடும்போது அது இறுகிப்போய் நிற்கும். அதிலும் நம் ஊர் உப்புக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்! ஸ்டாண்ட்பை என்றால் மூலையில் கிடப்பது என்று அர்த்தமில்லை. எந்த நிமிடமும் ஓடத் தயாராக இருப்பது என்று அர்த்தம்.

"இதெல்லாம் பேச்சுக்குச் சரி, கோப்பை கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி. பயிற்சியாளர் கிரெக் போப்பவிச். 2012 நவம்பரில் மயாமி அணியுடன் ஆட வேண்டிய நாளில், டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் ஆகிய நால்வரையும் ஓய்வுக்காக ஊருக்கு அனுப்பிவிட்டார். டிக்கெட் வாங்கியவன் ஏமாந்தான் என்று கூச்சல் எழுந்தது. அணிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. மனிதர் அசையவில்லை. 2013-14 பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடத்தைத் தொடவில்லை. அங்கே ஆட்டம் 48 நிமிடம் என்பதையும் கவனியுங்கள். அந்த அணிதான் 62 லீக் ஆட்டங்களை வென்றது. இறுதியில் அதே மயாமியை 4-1 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது!

ஆட்களை மாற்றுவதாலேயே எல்லாம் நியாயமாகிவிடாது. நம் ஊர் அஸ்வினைப் பாருங்கள். 2021 இங்கிலாந்துத் தொடரில் அணியோடு போனவருக்கு ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். அப்போது தரவரிசையில் உலகின் முதல் பந்துவீச்சாளர் அவர். எதிரணியிலோ இடதுகை ஆட்டக்காரர்கள் வரிசையாக. ஆனாலும் பெஞ்சில்தான் இருந்தார். இந்தியா 209 ரன்னில் தோற்றது. 2024 ஆஸ்திரேலியப் பயணத்தில் பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று மூன்று டெஸ்டில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். டிசம்பர் 18 அன்று, 106 டெஸ்ட், 537 விக்கெட்டோடு அவர் ஓய்வை அறிவித்தார். தொடர் அப்போது முடியக்கூட இல்லை.

ஆடுகளம், வானிலை, பேட்டிங் பலம் என்று ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருந்திருக்கலாம். 2021 தொடரில் அவர் இல்லாமலே நான்கு டெஸ்டில் 2-1 என்று முன்னிலையும் பெற்றோம். அதை மறுக்கவில்லை. என் கவலை வேறு. 537 விக்கெட் எடுத்தவருக்கே அடுத்த ஆட்டத்தில் இடம் உண்டா என்பது நிச்சயமில்லை என்றால், முதலாமாண்டு மாணவன் பெஞ்சில் உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்துக் குமைவான்?

சரி, எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிடலாமா? கூடாது! விடியற்காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு வருகிறவனும், போர்வையை இழுத்து மூடுகிறவனும் ஒன்றா? கடைசி இரண்டு நிமிடத்தில் யார் கையில் பந்து இருக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் கடற்கரையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பாக் நீரிணையில் வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு தினமும் போனால் நிறையத்தான் பிடிக்கும். அதற்காகச் சின்னப் படகுக்காரன் கரையிலேயே உட்கார்ந்திருக்க முடியுமா? முறை மீறல், தகராறு எல்லாம் அங்கும் உண்டு. ஆனாலும் இன்றைக்கு யார் முறை என்பது இரு தரப்புக்கும் தெரியும். தெரிவதால்தான் தட்டிக் கேட்கவும் முடிகிறது.

ஆகவே என் யோசனைகள் மூன்று:

1. போட்டிக்கு முன்பே பன்னிரண்டு பேரிடமும், "உன் வேலை இது, உன்னை எப்போது இறக்குவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

2. லீக் ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 8 நிமிடம். இதற்கு 96 நிமிடம் போனாலும், மீதி 104 நிமிடம் பயிற்சியாளர் விருப்பம். அதை முழுக்க முதல் ஐவருக்கே கொடுத்தாலும் ஆளுக்கு ஏறக்குறைய 29 நிமிடம் கிடைக்கும். போதாதா? நாக்-அவுட் ஆட்டத்தில் இந்த விதி வேண்டாம்.

3. யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

இந்த யோசனை வந்தால் என் நிமிடங்களும் குறையும், ஏனென்றால் நான் அந்த ஐவரில் ஒருவன். தெரிந்தேதான் எழுதுகிறேன். நமக்கு டிப்ளமோ மூன்றே வருடம். அதாவது மூன்றே மண்டலப் போட்டி. வேலைக்கு மனுப் போடும்போது பங்கேற்புச் சான்றிதழ் எல்லார் கையிலும் இருக்கும். ஆனால், "எந்த பொசிஷன்ல ஆடுன?" என்று நேர்முகத்தில் கேட்டால், "பெஞ்சு சார்" என்றா நம் தோழன் பதில் சொல்வது?

தோழர்களே! அடுத்த மாணவர் மன்றக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். எதிர்க்கருத்து உள்ளவர்களும் வாருங்கள், வாதாடுவோம். அடுத்த ஆண்டு கிளம்பும் பேருந்தில் பன்னிரண்டு பேரும் ஆட்டக்காரர்களாகவே ஏறட்டும்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்